பேனைப் பெட்டிக்கு வைத்த பொட்டு

நான் இதுவரை கெடுத்த பொருள்கள் எல்லாவற்றையும் மரியாதையினால்தான் கெடுத்திருக்கிறேன். கலியாணத்துக்கு வந்த காஞ்சிபுரச் சேலையை உடுத்தினால் கசங்கிவிடும் என்று மடித்தே வைத்திருந்தேன். கடைசியில் ஒருநாள் விரித்தபோது அது மடிப்புக்கு மடிப்பு கிழிந்துபோயிருந்தது. அண்ணை அனுப்பிய ரைஸ் குக்கரை நல்லநாள் ஒன்றுக்கு எடுக்கலாம் என்று பெட்டியோடு வைத்திருந்தேன். எடுத்த அன்று அது வேலை செய்யவில்லை, உத்தரவாதமும் முடிந்திருந்தது. புதுச் செற்றிக்குக் கடைக்காரன் போட்டுவிட்ட பிளாஸ்ரிக் உறையை இன்றுவரை கழற்றவில்லை. (கோடைகாலத்தில் அதில் இருப்பவர்கள் கொஞ்சம் தோலை விட்டுவிட்டுத்தான் எழும்புவார்கள்.)

இவையெல்லாம் என் சொந்தச் சாமான். அழுதாலும் நானே அழுதுவிட்டுப் போகலாம். ஆனால் ஒருமுறை, இந்த மரியாதை என்கிற வியாதியை அடுத்த வீட்டுப் பொருள்மேல் காட்டினேன். அதுவும் ஈரானிலிருந்து வந்த, நூறு வருடத்துக்கு மேற்பட்ட ஒரு பொருள்மேல்.

அப்போது நாங்கள் பிரெஞ்சு பேசும் இந்தக் குளிர் நகரத்தின் நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியில் ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாம் மாடியில் இருந்தோம். என் கணவருக்கு டோர்வல் விமான நிலையத்தில் பயணப் பெட்டிகள் ஏற்றும் வேலை. மகள் மதுராவுக்கு ஒன்பது வயது. நான் புதிதாக வந்தவர்களுக்கான பிரெஞ்சு வகுப்பில் வினைச்சொற்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். அதே வகுப்பில் எனக்குப் பக்கத்து மேசை, கட்டடத்தில் எனக்கு எதிர்வீடு, ஃபரீதே அக்கா. தெஹ்ரானில் கணக்கு ரீச்சராக இருந்தவர். இங்கே கார்டரி என்கிற குழந்தைகள் காப்பகம் ஒன்றில் சின்னப் பிள்ளைகளுக்குச் சப்பாத்து மாட்டி, மூக்குத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அவரை நான் முதலில் சந்தித்தது என் முதலாவது பனிக்காலத்தில். ஊர் வழக்கத்தில் துவைத்த உடுப்புகளைப் பல்கனியில் காயப்போட்டிருந்தேன். போய்ப் பார்த்தால் எல்லாம் பலகையாகியிருந்தன. என் கணவரின் காற்சட்டையை மடித்தால் முறிந்துவிடுமோ என்று பயந்து, அதைச் சுவரில் சாய்த்துவைத்துவிட்டு நின்று அழுதேன். தன் பல்கனியில் நின்ற ஃபரீதே அக்கா அதைப் பார்த்தார். கதவைத் தட்டி உள்ளே வந்து, காற்சட்டையை ஓர் ஆளைத் தூக்குவதுபோலத் தூக்கிக் குளியலறையில் நிறுத்திவிட்டு, எனக்குத் தேநீர் போட்டுத் தந்தார். என்னுடைய குசினியில், என்னுடைய தேயிலையில். அன்றிலிருந்து மகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தது, டாக்டரிடம் கூட்டிப்போனது, வீட்டுக்காரனிடம் எப்படிச் சத்தம் போடுவது என்று பழக்கியது எல்லாம் அவர்தான். இந்த ஊரில் எனக்கென்று முதலில் கிடைத்த மனுசி அவர். அந்த நன்றி எனக்குள் எப்போதும் கொதித்துக்கொண்டே இருந்தது. எப்படியாவது திருப்பிக் காட்ட வேண்டும் என்று சந்தர்ப்பம் பார்த்துக்கொண்டிருந்தேன். (பிரச்சினையே அதுதான்.)

எங்கள் இருவருக்கும் பொது மொழி, வகுப்பில் கற்ற அரைகுறைப் பிரெஞ்சு. அதை அப்படியே எழுதினால் யாருக்கும் விளங்காது. ஆகவே இந்தக் கட்டுரையில் ஃபரீதே அக்கா யாழ்ப்பாணத் தமிழில்தான் கதைப்பார். என் காதில் அவர் எப்போதும் அப்படித்தான் கேட்டார்.

இனிப் பெட்டி. அது ஒரு பேனைப் பெட்டி. அவர்கள் பாஷையில் அதன் பெயர் 'கலம்தான்'. ஒன்றரைச் சாண் நீளம், இரண்டு முனையும் உருண்டு, பெரிய கண்ணாடிக்கூடு மாதிரி இருக்கும். நெருப்புப்பெட்டியில்போல உள்தட்டு இழுபடும். மரம் என்றுதான் நினைத்தேன். கையில் எடுத்தால் பாரமே இல்லை. கடுதாசியாம். கடுதாசிகளைப் பசைபோட்டு ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிக் காயவிட்டு, வழவழப்பாகத் தேய்த்து, அதன்மேல் ஓவியம் தீட்டி, அதற்கும் மேலே தேன் நிறத்தில் வார்னிஷ் பூசியிருந்தார்கள். (நாங்கள் கடுதாசியில் வடையின் எண்ணெயை ஒற்றுவதோடு சரி.) பெட்டி முழுக்க ரோசாப்பூ, இடையிடையே ஒரு குருவி. மூடியின் நடுவில் முட்டை வடிவக் கோட்டுக்குள் ஒரு தாடிக்காரரும் ஒரு பெண்ணும். முகம் ஒவ்வொன்றும் பயறளவு. அந்தப் பயறளவு முகத்தில் கண் இமைமயிரைத் தனித்தனியாகக் கீறியிருந்தார்கள். என் கணவர் உற்றுப் பார்த்துவிட்டு, இதைக் கீறின மனுசனுக்குக் கடைசியில் கண் தெரியாமல்தான் போயிருக்கும் என்றார்.

அந்தப் பெட்டிக்கு ஒரு வழக்கும் இருந்தது. அது தன் பாட்டனுடையது, அவர் கந்தோரில் எழுத்தராக இருந்தவர் என்று ஃபரீதே அக்காவின் அப்பா சொல்லிச் சொல்லியே வளர்த்தாராம். வன்கூவரில் இருக்கும் தம்பியோ அது சந்தையில் உல்லாசப் பயணிகளுக்கு விற்கும் சாமான், அப்பா கதை கட்டினார் என்று சொன்னாராம். அப்பாவின் செத்தவீட்டோடு தொடங்கிய இந்த வாக்குவாதத்தில் அக்காவும் தம்பியும் கதை பேச்சை விட்டிருந்தார்கள். பெட்டி பழையதா இல்லையா என்பது ஃபரீதே அக்காவுக்கு அப்பா பொய்யரா இல்லையா என்ற கேள்வி. அதற்காகப் பழைய ஓவியப் பொருள்களைச் சீராக்கும் ஷான்தால் என்ற ஒரு கெட்டிக்காரப் பெண்ணைத் தேடிப் பிடித்து, வசந்த காலத்தில் பார்ப்பதாக நாளும் வாங்கியிருந்தார்.

அந்த ஒக்ரோபரில் வீட்டுக்காரன் திடீரென்று ஃபரீதே அக்காவின் வீட்டுக்குப் பெயின்ற் அடிக்க ஆள் அனுப்பினான். அவர் லவாலில் ஒரு சிநேகிதி வீட்டுக்குப் போகவேண்டி வந்தது. போகும்முன், கம்பளிச் சால்வையில் சுற்றிய பெட்டியைக் கொண்டுவந்து என் இரண்டு கையிலும் வைத்தார். ஈரக்கை படக்கூடாது, ஹீட்டருக்குப் பக்கத்தில் வைக்கக்கூடாது, வெயில் ஆகாது என்றார். நான் தலையாட்டிய வேகத்தைப் பார்த்தே அவர் அதைத் திருப்பி வாங்கியிருக்க வேண்டும்.

முதல் சில நாள் பெட்டியைத் துவாய்க்குள் துவாய் சுற்றி அலுமாரியில் வைத்திருந்தேன். பிறகு சரஸ்வதி பூசை வந்தது.

எங்கள் வீட்டில் உடுப்பு அலுமாரி ஒன்றின் கதவைக் கழற்றிச் சாமியறை ஆக்கியிருந்தோம். நவராத்திரியின் கடைசி நாளன்று படிப்புக்கும் தொழிலுக்கும் உதவுகிற எல்லாவற்றையும் சரஸ்வதி படத்துக்கு முன்னால் வைத்து, சந்தனமும் குங்குமமும் வைத்துக் கும்பிடுவோம். ஒருமுறை வைத்துவிட்டால் மறுநாள் விஜயதசமி காலைவரை தொடக்கூடாது. (மதுரா வருடத்தில் ஒருநாள்தான் பக்தையாக மாறுவாள். வீட்டுப்பாடம் செய்யத் தேவையில்லாத அந்த நாளில்.) ஜான்-டலோன் சந்தையில் செவ்வந்திப்பூ வாங்கி வந்து, விரதமிருந்து, உப்பு பார்க்காமல் கடலையும் வடையும் அவலும் செய்து, எல்லாவற்றையும் அடுக்கினேன். மகளின் புத்தகங்கள், வீட்டுக் கணினி, தையல் மெசின், என் கணவரின் வேலைக் கையுறை. எல்லாவற்றுக்கும் மேலாக, தெய்வ உதவி அவசரமாகத் தேவைப்பட்ட என் பிரெஞ்சுப் புத்தகம்.

அப்போதுதான் அலுமாரிக்குள் இருந்த பெட்டி நினைவுக்கு வந்தது. ஒரு எழுத்தரின் பேனைப் பெட்டி. எங்கள் வீட்டில் இருந்த பொருள்களில் கல்விக்கு அதைவிட நெருங்கிய சொந்தம் வேறு எது? கொண்டுவந்து நட்டநடுவில், கும்பத்துக்கு நேர் முன்னால் வைத்தேன். சந்தனக் கிண்ணத்தோடு நான் குனிந்தபோது, என் கணவர் பின்னால் வந்து நின்றார்.

"இஞ்சேரும், உது மற்றாக்களின்ர சாமான். உதுக்கேன் பொட்டு?"

"எங்கட உடைஞ்ச கல்குலேற்றருக்கும் பொட்டு வைச்சாச்சு," என்றேன். "அந்த மனுசியின்ர சாமானை மட்டும் தள்ளி வைக்கிறதோ?"

அவரிடம் வாதாடப் பொறுமை இருக்கவில்லை. என்னிடம் மூளை இருக்கவில்லை. ஈரக்கை படக்கூடாது என்ற கட்டளை நன்றாக நினைவிருந்தது. ஆகவே கையை நன்றாகத் துடைத்துவிட்டு, நீரில் குழைத்த சந்தனத்தை மோதிர விரலால் தொட்டு வைத்தேன். சந்தனமே ஈரம் என்ற யோசனை அந்த நேரத்தில் வரவில்லை. இரண்டு முனைக்கும், பக்கங்களுக்கும், பிறகு நடுவிலும். நடுப்பொட்டை ஆசையோடு கொஞ்சம் பெரிதாகவே வைத்தேன். தாடிக்காரரும் பெண்ணும் ஒரே பொட்டுக்கு அடியில் மறைந்தார்கள். அதன்மேல் கடைக் குங்குமம். பூசை முடிந்து கற்பூரம் காட்டும்போது எனக்குக் கண் கலங்கியது. ஃபரீதே அக்காவின் குடும்பத்துக்கு நான் ஏதோ பெரிய உபகாரம் செய்துவிட்டதுபோல இருந்தது.

மத்தியானம் போன் வந்தது. ஃபரீதே அக்கா மூச்சு வாங்கக் கதைத்தார். ஷான்தால் மறுநாள் ஃபிரான்சுக்குப் போகிறாளாம், வர மாசக்கணக்காகுமாம். இன்றைக்கு ஆறு மணிக்கு எங்கள் கட்டடத்துக்கே வந்து பெட்டியைப் பார்க்கிறேன் என்று சொன்னாளாம். தானும் அந்த நேரத்துக்கு வந்து பெட்டியை எடுக்கிறேன் என்றார்.

நான் சாமியறையைத் திரும்பிப் பார்த்தேன். சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது. வெடிப்புகளுக்குள் குங்குமம் இறங்கியிருந்தது. அப்போதுதான், அடுப்பில் பால் பொங்கி ஊற்றிய பிறகு நினைவு வருவதுபோல, சந்தனத்தில் தண்ணீர் இருக்கிறது என்று உறைத்தது.

"நாளைக்குத் தாறன், அக்கா," என்றேன்.

ஏன் என்று கேட்டார். பூசையில் வைத்த பொருளை விஜயதசமி காலைவரை எடுக்கக்கூடாது என்பதைச் சொல்லும் அளவுக்கு எங்கள் பிரெஞ்சு ரீச்சர் இன்னும் படிப்பிக்கவில்லை. நாங்கள் அப்போது உணவகத்தில் சூப் கேட்பது எப்படி என்ற பாடத்தில் இருந்தோம். எனக்குத் தெரிந்த சொற்களைப் பொறுக்கி, பெட்டி கும்பிட்டுக்கொண்டிருக்கிறது, நாளைக் காலைவரை எழும்பாது என்று சொன்னேன். அக்கா அதை என்னை இரண்டுதரம் திருப்பிச் சொல்ல வைத்தார்.

"வதனி ஜான்," என்றார் கடைசியில். ஜான் என்றால் எங்கள் ராசாத்தி மாதிரி ஒரு சொல். "நீர் அதைத் துலைச்சுப்போட்டீரோ?"

அந்தக் குரலில் கோபம் இருக்கவில்லை. அது எனக்கு இன்னும் மோசமாக இருந்தது. இல்லை அக்கா, வந்து பாருங்கோ என்று சொல்லிப் போனை வைத்துவிட்டுச் சாமியறைக்கு முன்னால் குந்தினேன். ஈரத்துணியால் ஒருமுறை துடைத்துவிட்டால் யாருக்கும் தெரியாது என்று கை துறுதுறுத்தது. துணியைக்கூட நனைத்துவிட்டேன். ஆனால் எடுத்த கை சரஸ்வதியின் முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டது. விஜயதசமிக்கு முன் தொடுவதற்கு எனக்குத் துணிவில்லை. ஃபரீதே அக்காவுக்கு என்ன சொல்லுவது என்பதைவிட, இனி எதிர்க்கதவு எனக்குத் திறக்குமா என்பதுதான் அன்றைக்கு எனக்கு இருந்த ஒரே பயம்.

ஆறு மணிக்கு இருவரும் வந்தார்கள். ஷான்தால் உயரமான, குட்டைத் தலைமுடிக்காரப் பெண். கையில் ஒரு சின்னக் கறுத்தப் பெட்டி. பூசைநாளில் வந்தவளை வெறும் வாயோடு விடக்கூடாது என்று வடையும் கோப்பியும் நீட்டினேன். வேலை முடியும்வரை தண்ணீரைத் தவிர ஒன்றும் வேண்டாம் என்றுவிட்டாள். வந்தவுடனேயே என்னை அவமதிக்கிறாள் என்று நினைத்தேன். அந்த நேரத்தில் அவமதிக்கப்படும் நிலையில் நான் இருந்தேனா என்பது வேறு கதை.

ஃபரீதே அக்கா சாமியறைக்கு முன்னால் போய் நின்றார். தன் அப்பாவின் பெட்டியைக் கண்டுபிடிக்க அவருக்குக் கொஞ்சம் நேரம் எடுத்தது. கடலைக்கும் கணினிக்கும் நடுவில், பூவுக்குக் கீழே, சந்தனக் காப்பு செய்ததுபோல அது இருந்தது. வந்து செற்றியில் இருந்தார். பிளாஸ்ரிக் உறை கிறீச்சிட்டது.

பெட்டியைத் தொடலாமா என்று ஷான்தால் என்னிடம் அனுமதி கேட்டாள். நான் கற்பூரம் கொளுத்தி, தாயே மன்னித்துக்கொள், இது எங்கள் வீட்டுப் பிள்ளை இல்லை, எதிர்வீட்டுப் பிள்ளை, அவர்களுக்கு இந்த விதி பொருந்தாது என்று மனதுக்குள் ஒரு வழக்கு வாதாடினேன். பிறகு பெட்டியை ஒரு தட்டில் ஏந்திச் சாப்பாட்டு மேசையில் வைத்தேன். ஷான்தால் நெற்றியில் ஒரு விளக்கையும் கண்ணில் ஒரு பூதக்கண்ணாடியையும் மாட்டிக்கொண்டு குனிந்தாள். யாராவது இதைத் துடைத்தீர்களா என்று கேட்டாள். இல்லை, தொடக்கூடாது என்பதால் தொடவில்லை என்றேன். நல்லது, ஈரத்துணியால் ஒருமுறை தேய்த்திருந்தால் இந்த இரண்டு பேரும் முகமில்லாமல் போயிருப்பார்கள் என்றாள். எந்தச் சடங்கு என்னைக் கிடங்கில் தள்ளியதோ அதே சடங்குதான் அன்று கைகொடுத்தும் இருக்கிறது. சரஸ்வதிக்கு நான் பட்ட நன்றிக்கடனில் இது பெரியது.

பிறகு அவள் ஒரு மெல்லிய குச்சியில் கொஞ்சம் பஞ்சைச் சுற்றினாள். அந்தப் பஞ்சை வாய்க்குள் வைத்து, நாக்கில் ஒரு சுற்றுச் சுற்றி எடுத்து, நேராகச் சந்தனத்தின்மேல் வைத்து உருட்டினாள்.

மதுரா மெதுவாக என் கையை இழுத்தாள். "அம்மா, அவ துப்பல் போடுறா."

நான் எதைப் பார்க்கிறேன் என்று எனக்கு விளங்கச் சற்று நேரம் எடுத்தது. ஒன்பது நாளாக உப்புக்கூட நாக்கில் வைத்துப் பார்க்காமல் சமைத்தவள் நான். எங்கள் வீட்டில் ஒருவர் வாய்வைத்துக் குடித்த கோப்பையை மற்றவர் தொடுவதில்லை. சரஸ்வதிக்கு முன்னிருந்து இப்போதுதான் எடுத்த பொருளில், என் சாப்பாட்டு மேசையில், எச்சில். குற்றவாளிக் கூண்டில் நிற்கிறவள் என்பதை மறந்து எழும்பிவிட்டேன். "நோ, மதாம்," என்று அவளுடைய கையைப் பிடித்துவிட்டேன்.

ஷான்தால் விளக்கோடு என்னை நிமிர்ந்து பார்த்தாள். எனக்குக் கண் கூசியது. என் கணவர் குசினி வாசலில் வடையைக் கடித்தபடி சிலையானார். ஷான்தால் பொறுமையாகச் சொன்னதை ஃபரீதே அக்கா எங்கள் பிரெஞ்சுக்கு இறக்கிச் சொன்னார். உலகத்தில் உள்ள பெரிய அரும்பொருட் சாலைகளில் எல்லாம் இப்படித்தானாம். வாய்நீரில் அழுக்கைக் கரைக்கிற ஒன்று இயற்கையாகவே இருக்கிறதாம். வெறும் தண்ணீரைவிடப் பதமானதாம், ஓவியத்தை நோகடிக்காதாம். கோப்பி குடித்த வாய் ஆகாதாம். (அப்போதுதான் என் கோப்பி மறுக்கப்பட்ட காரணம் விளங்கியது.)

சொல்லி முடித்த ஃபரீதே அக்காவின் வாய் கோணியது. அழப்போகிறார் என்று நினைத்தேன்.

"நீர் சந்தனம் பூசினனீர், அவ துப்பல் பூசுறா," என்றார். "என்ர அப்பா இதைப் பாத்திருந்தா எங்கள் மூண்டு பேரையும் வெளிய விட்டுக் கதவைப் பூட்டியிருப்பார்."

சொல்லிவிட்டுச் சிரிக்கத் தொடங்கினார். செற்றியின் பிளாஸ்ரிக் அவரோடு சேர்ந்து கிறீச்சிட்டது. கணக்கு ரீச்சர் என்றால் அளவாகச் சிரிப்பார் என்று நினைத்திருந்தேன். அவர் கண்ணீர் வரச் சிரித்தார். நான் சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் ஷான்தாலின் கையைப் பிடித்தபடியே நின்றேன். பிறகு விட்டேன்.

வேலை மெதுவாகப் போனது. ஒரு பஞ்சு, ஒரு சுற்று, சந்தனம் ஒரு நூல் அளவு போகும். பஞ்சை எறிந்துவிட்டு அடுத்தது. நான்தான் தாராளமாகப் பொட்டு வைத்திருந்தேனே. முனைகள் முடிந்து, பக்கங்கள் முடிந்து, நடுப்பொட்டுக்கு வந்தபோது ஷான்தால் நிமிர்ந்து வாயைத் துடைத்தாள். தன் வாய் வறண்டுவிட்டது என்றாள். தண்ணீர் குடித்துப் பார்த்தாள்; சரிவரவில்லை. சுற்றிப் பார்த்து, இங்கே இன்றைக்கு ஒன்றும் சாப்பிடாதவர்கள் யாராவது உண்டா என்று கேட்டாள்.

என் கணவர் வடையோடு நின்றார். மதுராவின் வாயில் சுவிங்கம். ஃபரீதே அக்கா பஸ்சில் வரும்போதே கோப்பி குடித்திருந்தார். அந்த வீட்டில் காலையிலிருந்து பச்சைத்தண்ணீரைத் தவிர ஒன்றும் வாயில் வைக்காத ஒரே ஆள் நான். விரதம் இருந்ததே சரஸ்வதிக்காக.

நான் தலையைக் குனிந்துகொண்டேன். யாரும் கேட்கமாட்டார்கள் என்று நம்பினேன். அப்போது ஃபரீதே அக்கா எழும்பி வந்தார். மேசையிலிருந்த ஒரு குச்சியை எடுத்து, தானே பஞ்சு சுற்றி, என் முகத்துக்கு முன்னால் நீட்டினார்.

"நீர் இண்டைக்கு விரதம்தானே. இந்தாரும்."

தன் அப்பாவின் பெட்டியைக் கெடுத்தவளிடம் அதே பெட்டிக்கான பஞ்சை நீட்டுகிற மனசு எனக்கு இருந்திருக்குமா என்று பலமுறை யோசித்திருக்கிறேன். இருந்திருக்காது. நான் அந்தக் குச்சியை வாங்கினேன். சாமியறைப் பக்கம் முதுகைத் திருப்பிக்கொண்டேன். (தெய்வத்துக்குப் பின்பக்கமும் கண் தெரியும் என்று அந்த நேரத்தில் யோசிக்கவில்லை.) பஞ்சை வாயில் வைத்து நனைத்து ஷான்தாலிடம் கொடுத்தேன். அடுத்தது. அதற்கடுத்தது. காலையில் பக்தியோடு நான் வைத்த பொட்டு, மாலையில் என்னுடைய துப்பலிலேயே கரைந்து போனது. முதலில் பெண்ணின் சேர்ந்த புருவம் வந்தது. பிறகு தாடிக்காரர் வந்தார். இமைமயிர்கள் ஒன்றும் குறையாமல் இருந்தன. அக்கா என் தோளில் கைவைத்தபடி குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். எதிர்க்கதவு இனியும் திறக்கும் என்று எனக்கு அப்போது தெரிந்துவிட்டது. வாயில் பஞ்சோடு அழுவது எவ்வளவு கடினம் என்பதும் தெரிந்தது.

தாடிக்காரரின் நெற்றிக்கு நேரே, வார்னிஷில் இருந்த மயிர்போன்ற ஒரு வெடிப்புக்குள் இறங்கிய குங்குமம் மட்டும் வரவில்லை. ஊசிமுனை அளவு சிவப்பு. ஷான்தால் பெட்டியைப் புரட்டிப் புரட்டி, உள்தட்டை இழுத்து, வேறொரு விளக்கைப் பிடித்து நீண்ட நேரம் பார்த்தாள். கடைசியில் சொன்னது இதுதான். பெட்டி பழையது, எழுத்தரின் காலத்துக்குப் பொருந்துகிற பழையது. சந்தைச் சாமான் இல்லை. ஆனால் பழைய வார்னிஷுக்கு மேலே, பல வருடங்களுக்குப் பிறகு, யாரோ தடிப்பாக வேறு வார்னிஷ் அடித்திருக்கிறார்கள். கதவு நாற்காலிக்கு அடிக்கிற வகை. பெட்டி புதுச்சாமான்போல மினுங்கியதற்கு அதுதான் காரணம். குங்குமமும் அந்த மேல்வார்னிஷோடு நின்றுவிட்டது, ஓவியத்தைத் தொடவில்லை.

ஃபரீதே அக்கா நாற்காலியில் இருந்துவிட்டார். வசந்தத்தில் அவர்களுடைய புதுவருடம் வரும். அதற்கு முன்னால் அவருடைய அப்பா வருடந்தோறும் வீட்டுக் கதவு, கதிரை, மேசை எல்லாவற்றுக்கும் தன் கையால் வார்னிஷ் அடிப்பாராம். பாட்டனின் பெட்டியை மட்டும் அவர் எப்படி விட்டுவைத்திருப்பார்? அந்த மனுசன் பொய் சொல்லவில்லை. மரியாதை கூடிப்போய் அதற்கும் ஒரு பூச்சு அடித்திருக்கிறார், அவ்வளவுதான். முகம் அறியாத அந்தப் பெரியவர்மேல் எனக்குத் திடீரென்று ஒரு சொந்தம் வந்தது. ஃபரீதே அக்கா அப்போதே, எங்கள் குசினியில் நின்றபடி, வன்கூவருக்குப் போன் எடுத்தார். அவர்கள் பாஷை எனக்குத் தெரியாது. ஆனால் வடை என்ற சொல்லும் என்னுடைய பெயரும் நடுவில் வந்ததும், மறுமுனையில் ஒரு ஆம்பிளை விழுந்து விழுந்து சிரித்ததும் கேட்டது.

அந்தச் சிவப்புப் புள்ளியை அடுத்த வருடம் எடுத்துத் தரலாம் என்று ஷான்தால் சொன்னாள். ஃபரீதே அக்கா வேண்டாம் என்றுவிட்டார். தன் வீட்டுக்கு வருகிறவர்களுக்குப் பெட்டியைக் காட்டி, தீட்டினது ஈரானில், வார்னிஷ் அடித்தது அப்பா, பொட்டு வைத்தது எதிர்வீட்டு வதனி என்று இன்றும் சொல்லுவார். வருகிறவர்கள் என்னைத் திரும்பிப் பார்ப்பார்கள். நான் சுவரைப் பார்ப்பேன்.

அடுத்த வருடம் சரஸ்வதி பூசையன்று காலையில் கதவு தட்டும் சத்தம் கேட்டது. கம்பளிச் சால்வைக்குள் பெட்டியோடு ஃபரீதே அக்கா நின்றார். நான் வேண்டாம் அக்கா, என்னை நம்பாதேயுங்கோ என்று கையெடுத்துக் கும்பிட்டேன். அவர் கேட்கவில்லை. உள்ளே வந்து பெட்டியைத் தன் கையாலேயே கும்பத்துக்கு முன்னால் வைத்தார்.

"நான் காலமை துவக்கம் ஒண்டும் சாப்பிடேல்லை," என்றார். "தேவைப்பட்டாலும் எண்டு."

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அது ஒரு பேச்சாகிவிட்டது. உனக்காக நான் நிற்கிறேன் என்று சொல்ல வேண்டிய இடத்தில் எல்லாம், சாப்பிடேல்லை என்போம். என் கணவர் சாரதிச் சோதனைக்குப் போனபோது அக்கா படியில் நின்று சாப்பிடேல்லை என்றார். மதுரா பெரியவளாகி வேறு வீட்டுக்குப் போனபோது, கட்டில் தூக்க வந்த சிநேகிதப் பெடியங்களும் சாப்பிடேல்லை என்றுதான் உள்ளே வந்தார்கள். (அவர்களுக்கு அர்த்தம் தெரியாது. மதுரா சொல்லிக்கொடுத்திருந்தாள். நான் உண்மை என்று நம்பிச் சோறு போட்டேன்.)

போன பனிக்காலம் எனக்குப் பித்தப்பை எடுக்கிற சத்திரசிகிச்சை. விடிய வெள்ளன வரச் சொல்லியிருந்தார்கள். ஃபரீதே அக்கா எங்களுக்கு முன்னால் கீழே வந்து நின்றார். ஆசுப்பத்திரியில் தாதி என் பெயரைச் சரிபார்த்துவிட்டு, காலையில் ஏதாவது சாப்பிட்டீர்களா என்று கேட்டாள். நான் வாய் திறப்பதற்கு முன்னால், பக்கத்திலிருந்து அக்கா பதில் சொன்னார்.

"இல்லை. ரெண்டு பேரும் சாப்பிடேல்லை."

உங்களுக்கு அது தேவையில்லை மதாம் என்று தாதி விளங்கப்படுத்தினாள். எங்களுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிற நோயாளியை அவள் முன்பு பார்த்திருக்கமாட்டாள். என்னைக் கட்டிலோடு தள்ளிக்கொண்டு போகும்போது திரும்பிப் பார்த்தேன். அக்கா கோப்பி இயந்திரத்துக்கு முதுகைக் காட்டியபடி, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியில் இருந்தார். நான் கண்விழித்து வார்டுக்கு வரும்வரை அவர் அந்த இடத்தைவிட்டு எழும்பவில்லை என்றும், எவ்வளவு சொல்லியும் ஒரு வாய் சாப்பிடவில்லை என்றும் பிறகு என் கணவர் சொன்னார்.